மகள்வழிச் செல்லும் நோய்: எக்ஸ் குரோமோசோமும் உறவுமுறையும்

குடும்பங்களில் ஆண் பிள்ளைகளை மட்டும் குறிவைத்து வருவதுபோல் தோன்றும் நோய்கள் சில உண்டு. அந்நோயுற்ற தகப்பனிடமிருந்து மகனுக்கு அது செல்வதில்லை. அவனுடைய மகள் நலமாக வளர்ந்து, மணமாகி, வேறொரு வீட்டுக்குப் போய், அங்கே அவள் பெறும் மகனிடத்தில் அது மீண்டும் தலைகாட்டுகிறது. இடையில் ஒரு தலைமுறை விட்டுப்போவதாலும், வீடும் ஊரும் இனிஷியலும் மாறிவிடுவதாலும், பாட்டனுக்கு இருந்ததையும் பேரனுக்கு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு உறவினருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே காரணம் தேடத் தொடங்கும்போது, ஒருபுறம் பெற்றவள் மீது பழி விழுகிறது. மறுபுறம் ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்ற தீர்ப்பு ஊராரால் எளிதாக வழங்கப்பட்டுவிடுகிறது. முதலாவது அநீதி, இரண்டாவது பெரும்பாலும் கணக்குத் தெரியாமையால் வரும் பிழை. தறியும் கோயிலும் சொந்தபந்தமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் காஞ்சிபுரத்தில், பாலாற்றங்கரையின் செவிலிமேடு போன்ற பகுதிகளில், அந்தக் கணக்கை உறவுமுறைப் பெயர்களைக் கொண்டே விளக்கிவிட முடியும் என்பது இவ்வுரையின் துணிபு.

மனித உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள், அதாவது மரபுச் செய்தி சுருட்டி வைக்கப்பட்ட இழைகள், 23 இணைகளாக உள்ளன. இவற்றுள் 22 இணைகள் இருபாலர்க்கும் பொதுவானவை. இருபத்து மூன்றாவது இணை மட்டும் பெண்ணிடத்தில் இரண்டு எக்ஸ் ஆகவும், ஆணிடத்தில் ஓர் எக்ஸும் ஒரு ஒய்யும் ஆகவும் அமைந்திருக்கிறது. தந்தை மகனுக்குத் தருவது ஒய். மகளுக்குத் தருவது எக்ஸ். எனவே ஓர் ஆணின் எக்ஸ் எதுவாயினும் அது அவனுடைய தாயிடமிருந்து வந்ததே. எக்ஸ் குரோமோசோம் சுமார் 15 கோடி எழுத்துகள் நீளமுள்ளது; எண்ணூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதில் இருக்கின்றன. பாலினத்தோடு எவ்விதத் தொடர்புமில்லாத பணிகளைச் செய்பவை அவற்றுள் மிகப் பல: இரத்தத்தை உறையச் செய்வது, தசைநார் கிழியாமல் காப்பது, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது, வியர்வைச் சுரப்பிகளை உருவாக்குவது எல்லாம் அங்கிருந்தே ஆளப்படுகின்றன. பெண்ணுக்கு இரண்டு பிரதிகள் இருப்பதால் ஒன்றில் பழுதிருந்தால் மற்றொன்று ஈடுகட்டும். ஆணுக்கு மாற்றுப் பிரதி இல்லை. நோய் ஆண்களிடத்தில் வெளிப்படுவதற்கும், பெண்கள் வழியாகக் கைமாறுவதற்கும் இந்த ஒரு வேறுபாடே காரணம்.

இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். எக்ஸ் குரோமோசோமின் எண்ணிக்கையே தவறிப்போகும் நிலைகளும் உள்ளன: ஒரே ஓர் எக்ஸுடன் பிறக்கும் பெண்களிடத்தில் 1938-இல் ஹென்றி டர்னர் விவரித்த நிலை, கூடுதல் எக்ஸுடன் பிறக்கும் ஆண்களிடத்தில் 1942-இல் ஹாரி கிளைன்ஃபெல்டர் விவரித்த நிலை ஆகியவை அத்தகையன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, அல்லது கரு தோன்றிய தொடக்க நாள்களில், பங்கீடு தவறுவதால் அவை நேர்கின்றன. குடும்பத்தில் வழிவழியாக வருவன அல்ல. இவ்வுரை எடுத்துக்கொள்வது, எண்ணிக்கை சரியாக இருந்து, எக்ஸுக்குள் உள்ள மரபணு ஒன்று பழுதுபட்டு, அந்தப் பழுது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் நோய்களையே.

இவ்வகை மரபுரிமையின் மிகத் துல்லியமான பழைய சித்திரங்களுள் ஒன்று இந்தியாவிலிருந்தே சென்றது என்பது பரவலாக அறியப்படாத செய்தி. சார்லஸ் டார்வின், வளர்ப்பு விலங்குகளிலும் தாவரங்களிலும் காணப்படும் மாறுபாடுகளைப் பற்றிய தமது நூலின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில், சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். அக்குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு இரு தாடைகளிலும் சேர்த்து ஒருசில பற்களே முளைத்தன, உடலில் முடி குறைவு, இளமையிலேயே வழுக்கை, கோடையில் தோல் வறண்டு பெருந்துன்பம். மகள்களுக்கு இக்குறை வந்ததே இல்லை என்றும், ஆயினும் அவர்கள் அதைத் தம் மகன்களுக்குக் கடத்தினர் என்றும், எந்த மகனும் தன் மகனுக்கு அதைத் தரவில்லை என்றும் டார்வின் எழுதினார். மரபணு என்ற கருத்தே வேரூன்றாத காலத்தில், காரணம் அறியாமலே விதியின் மூன்று பகுதிகளையும் அவர் சரியாகப் பதிவு செய்துவிட்டார். 1910-இல் தாமஸ் ஹன்ட் மார்கன் பழ ஈயின் வெள்ளைக் கண்ணை எக்ஸ் குரோமோசோமோடு இணைத்துக் காட்டிய பின்னரே அதன் காரணம் விளங்கியது. சிந்துக் குடும்பத்தின் நோய்க்குரிய மரபணுவோ 1996-இல்தான் கண்டறியப்பட்டது.

மகள்களுக்கு எதுவும் இல்லை என்று டார்வின் கருதியது முழு உண்மையன்று. பெண்ணின் உயிரணு ஒவ்வொன்றிலும் இரண்டு எக்ஸ்களுள் ஒன்று, கருவின் தொடக்க நாள்களிலேயே ஏறத்தாழக் குருட்டாம்போக்கில் ஒடுக்கப்பட்டுவிடுகிறது என்று 1961-இல் மேரி லையன் என்ற ஆங்கில அறிவியலாளர் முன்வைத்தார்; அது பின்னர் உறுதிப்பட்டது. சில அணுக்களில் தந்தை தந்த எக்ஸும் வேறு சிலவற்றில் தாய் தந்த எக்ஸும் இயங்குவதால், பெண்ணுடல் இருநிற ஊடையில் நெய்த துணியைப் போன்றது. சிந்துக் குடும்பத்துக்கு இருந்த அந்த வியர்வைச் சுரப்பி நோயைக் கடத்தும் பெண்ணின் முதுகில் அயோடினும் மாவும் பூசிச் சோதித்தால், வியர்க்கும் பட்டைகளும் வியர்க்காத பட்டைகளும் மாறிமாறித் தெரிவதைக் கண்ணாலேயே காணலாம். பழுதுபட்ட மரபணுவை ஒரு பிரதியில் மட்டும் கொண்ட இத்தகைய பெண்ணை மருத்துவமனைகளில் ‘கேரியர்’ என்பர். கேரியர் என்றால் ‘உனக்கு ஒன்றுமில்லை, உன் பிள்ளைக்குத்தான்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது தவறான வழக்கம். இரத்தம் எளிதில் உறையாத நோயான ஹீமோஃபீலியாவைக் கடத்தும் பெண்களில் பலருக்கு மாதவிடாயில் மிகுந்த போக்கும் பேற்றுக்குப் பின் நிற்காத இரத்தப்போக்கும் உண்டு. தசைச்சிதைவு நோயைக் கடத்தும் பெண்களில் சிலருக்கு நடுவயதில் இதயத்தசை தளர்கிறது. ‘அவளுக்கு எப்போதுமே அப்படித்தான்’ என்று குடும்பத்தார் சொல்லிக் கடந்துபோகும் இரத்தப்போக்கு, பல வேளைகளில், பரிசோதிக்கப்படாத ஒரு நோயின் அறிகுறி.

இந்நோய்களுள் மிக எளியதும் தீங்கு குறைந்ததுமான நிறக்குருட்டினைக் காஞ்சிபுரத்தில் பேசாமல் விட முடியாது. அரக்கு நிற உடலுக்குப் பச்சைக் கரை வைத்து மூன்று நாடாக்கள் ஓட்டிக் கோர்வை நெய்யும் வீட்டில், அரக்குத் தாரையும் கரும்பச்சைத் தாரையும் மாற்றி எடுத்துத் தரும் சிறுவன் ‘கவனமில்லாதவன்’ என்று திட்டு வாங்குவான். பகல் வெளிச்சத்திலும் அந்த இரண்டும் அவனுக்கு ஒரே பழுப்பாகத் தெரிகின்றன என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வேதியியலர் ஜான் டால்டன் 1794-இல் தமது இக்குறையைப் பற்றித் தாமே கட்டுரை வாசித்தார். கண்ணுக்குள் நீல நீர் இருப்பதே காரணம் என்று நம்பி, தாம் இறந்தபின் கண்ணை அறுத்துப் பார்க்கும்படியும் ஏற்பாடு செய்தார். நீர் தெளிவாகவே இருந்தது. பாதுகாக்கப்பட்ட அக்கண்ணிலிருந்து 1995-இல் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது, பச்சை நிறமிக்குரிய மரபணு அவரிடம் இல்லாதது தெரியவந்தது. ஆண்களில் நூற்றுக்கு மூவர் நிறக்குருடர் என்று வைத்துக்கொண்டால், பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவரே அவ்வாறிருப்பர். ஆனால் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பெண்கள் அதைக் கடத்துபவர்களாக இருப்பர். வெளியே தெரியும் நோயைவிடத் தெரியாத கடத்தல் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை.

நிறக்குருட்டு மரபணுவும் ஹீமோஃபீலியா மரபணுவும் எக்ஸின் ஒரே கோடியில் அருகருகே இருக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்தே கைமாறுவதைக் குடும்ப வரலாறுகளிலிருந்து 1937-இல் ஜூலியா பெல்லும் ஜே.பி.எஸ். ஹால்டேனும் நிறுவினர், மனித மரபணுக்கள் இரண்டுக்கிடையே பிணைப்பை எண்ணிக்கையால் காட்டிய முன்னோடி ஆய்வு அது. அந்த ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்குக் குடிவந்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். அவருடைய மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திர மாநிலத்தில் உறவுத் திருமணங்களையும் நிறக்குருட்டையும் ஆராய்ந்தவர். தென்னாட்டு உறவுமுறை மரபியலுக்குக் கிடைத்தற்கரிய களம் என்பதை அவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களுள் எட்டாம் காரணி இல்லாமையோ குறைவோ ஹீமோஃபீலியா ஏ எனவும், ஒன்பதாம் காரணியின் குறை ஹீமோஃபீலியா பி எனவும் பெயர் பெறும்; முன்னது ஏறத்தாழ ஐயாயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படுகிறது. தமிழ்க் குடும்பங்களில் இது வெளிப்படக்கூடிய முதல் இடங்களுள் ஒன்று காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் அமர்த்திக் குத்திய காதிலிருந்து இரத்தம் இரவெல்லாம் கசிந்துகொண்டே இருந்தால், ஆசாரி ஊசியைக் குறை கூறுவதும், கண்ணேறு கழிப்பதும் நடந்த பிறகே மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. குழந்தை தவழத் தொடங்கியதும் முழங்காலிலும் நெற்றியிலும் கருநீலக் கட்டிகள். நடக்கத் தொடங்கியதும் கணுக்கால், முழங்கால் மூட்டுகளுக்குள் இரத்தம் கட்டி, மூட்டுச் சூடேறி வீங்கி, காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் போகும் நிலை. அடிபட்ட இடத்தில் வெளியே பாயும் இரத்தத்தைவிட, உள்ளே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிவதே வாழ்நாள் முடத்துக்குக் காரணம். காலால் மிதித்து இயக்கும் குழித்தறியில் உட்காரவேண்டிய ஒருவனுக்கு முழங்கால் மடங்காமற்போவது, பிழைப்பே போவது.

யூதர்களின் தல்மூத், சுன்னத்தின்போது இரு மகன்களை இழந்த தாயின் மூன்றாம் மகனுக்கு அச்சடங்கிலிருந்து விலக்களித்ததோடு, அவளுடைய சகோதரிகளின் பிள்ளைகளைப் பற்றியும் அக்கறையோடு பேசியது. நோய் எந்த வழியாக வருகிறது என்பதை அனுபவத்தால் அறிந்து எழுதிய விதி அது. விக்டோரியா மகாராணியின் மகள்கள் வழியாக ருசியச் சக்கரவர்த்தியின் மகன் அலெக்சி வரை இந்நோய் சென்ற கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. 2009-இல் எலும்பு எச்சங்களிலிருந்து அது ஹீமோஃபீலியா பி என்று உறுதியானது என்பதைத் தவிர அதில் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. அரச மாளிகைகளின் வமிசாவளியைவிடத் தமிழ் வீட்டின் உறவுமுறையே இங்கு அதிகம் கற்பிக்கக்கூடியது.

கடுமையான ஹீமோஃபீலியா உள்ள ஓர் ஆணை நடுவில் வைத்து, அவனுடைய தாய்வழிப் பாட்டியிடமிருந்தே பழுது வந்தது என்று கொண்டு, உறவினர்களை வரிசையாக எண்ணிப் பார்க்கலாம். அவனுடைய தாய் கேரியர். அக்காளும் தங்கையும் கேரியராக இருக்க ஆளுக்குப் பாதி வாய்ப்பு. பெரியம்மா, சித்தி ஆகியோருக்கும் பாதி வாய்ப்பு; ஆகவே அவர்களுடைய ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனுக்கு நோய் இருக்கப் பாதி வாய்ப்பு. ஆனால் கடுமையான ஹீமோஃபீலியா மறைந்திருக்கும் நோயன்று, ஆகவே தாய்மாமன் நலமாக இருந்தால் அவரிடம் பழுது இல்லை, அவருடைய பிள்ளைகளுக்கு அவர் வழியாக அது வராது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை ஆகிய தந்தை வழியினர் எவருக்கும் இதில் தொடர்பே இல்லை. நோயுற்ற அந்த ஆணுக்கே பிள்ளைகள் பிறந்தால், மகன்கள் அனைவரும் நோயிலிருந்து விடுபட்டவர்கள். மகள்கள் அனைவரும், விதிவிலக்கின்றி, கேரியர்கள். காதுகுத்தில் யார் மடியில் குழந்தை அமர்ந்ததோ அந்தத் தாய்மாமனைப் பற்றியே மருத்துவரும் முதலில் கேட்க வேண்டியிருப்பது தற்செயலானாலும் நினைவில் வைக்க வசதியானது.

இப்போது திருமணங்களுக்கு வரலாம். நோயற்ற ஆண் ஒருவன், தம்பிக்கு ஹீமோஃபீலியா உள்ள தன் அக்காள் மகளையே மணக்கிறான் என்று கொள்வோம். பிறக்கும் மகனுக்கு நோய் வந்தால் ‘தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்ததால்’ என்று ஊர் சொல்லும். மகனுக்கு எக்ஸ் தந்தையிடமிருந்து வருவதே இல்லையாதலால், அப்பெண் அசலூரில் முன்பின் தெரியாத ஒருவனை மணந்திருந்தாலும் அவள் மகனுக்கு அதே அளவு வாய்ப்புத்தான். மகன்களைப் பொறுத்தவரை, எக்ஸ் சார்ந்த நோய்க்கு உறவுத் திருமணம் காரணமாக முடியாது என்பது எளிய உண்மை.

நோயுற்ற ஆணே உறவில் மணந்தால் கணக்கு வேறாகிறது; அங்கும் எந்த உறவு என்பதே கேள்வி. அத்தை மகளை மணந்தால் எக்ஸைப் பொறுத்தவரை அவள் அந்நியளே, ஏனெனில் அவன் எக்ஸ் தாய் வழியது, அவளோ தந்தை வழி உறவு. மாமன் மகளை மணந்தால், மாமனுக்கு நோய் இல்லையெனில் அச்சமில்லை. மாமனுக்கும் நோய் இருந்தால் அவர் மகள் உறுதியாகக் கேரியர், ஆகவே பிறக்கும் மகளானாலும் மகனானாலும் பாதி வாய்ப்பு. அக்காள் மகளை மணந்தால், அவள் கேரியராக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பும், பிறக்கும் பிள்ளைக்கு, பெண்ணாயினும், எட்டில் ஒரு வாய்ப்பும் உண்டு. பெண்களிடத்தில் முழு ஹீமோஃபீலியா தோன்றுவதற்கான வழிகளுள் இது ஒன்று. பல தலைமுறைகளாகக் கொடுத்து வாங்கிய குடும்பங்களில் அத்தை மகளே மற்றொரு வழியில் மாமன் மகளாகவும் அமைந்துவிடுவதுண்டு. அத்தகைய இடங்களில் முறைப்பெயரை மட்டும் நம்பாமல் முழு வமிசாவளியையும் வரைந்தே முடிவு சொல்ல வேண்டும்.

இதனால் உறவுத் திருமணம் மரபியல் நோக்கில் தீங்கற்றது என்று பொருள்கொள்ளலாகாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டும் தோன்றும் நோய்கள் ஏராளம். அவை பிற 22 இணைகளைச் சார்ந்தவை. அவற்றில் உறவுத் திருமணம் வாய்ப்பை உண்மையிலேயே பெருக்குகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ்.எஸ். சுந்தர் ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் 1970-களில் வடஆர்க்காட்டில் நடத்திய பெரிய ஆய்வு, உறவுத் திருமணத்தால் கருச்சிதைவும் குழந்தை இறப்பும் எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை என்று காட்டியது உலகளவில் கவனம் பெற்றது. அதுவும் எல்லா நோய்களுக்கும் நற்சான்று ஆகாது. வலியுறுத்த வேண்டியது இவ்வளவே: எல்லா மரபு நோய்களையும் ஒரே காரணத்தில் கட்டிவிடும்போது, உண்மையில் எச்சரிக்கப்பட வேண்டியவர்கள் எச்சரிக்கப்படாமல் போகிறார்கள். சொந்தத்தில் கட்டாத சித்தி மகள், தனக்கு ஆபத்தில்லை என்று நம்பிக் கருவுறுகிறாள்; ஆபத்து அவளுக்குத்தான்.

தாய் மீதான பழிக்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. டூஷேன் தசைச்சிதைவு, மனித மரபணுக்களுள் மிக நீண்டதான டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் பழுதால் வருவது. 22 இலட்சம் எழுத்துகள் கொண்ட அந்த நீளமே அதில் புதிதாகப் பழுது நேர்வதற்குக் காரணங்களுள் ஒன்று. மூன்று, நான்கு வயதில் பிள்ளையின் கெண்டைக்கால் திரண்டு பருத்திருப்பதைப் பார்த்துப் பெற்றோர் பூரிப்பர். பிறகு, தரையிலிருந்து எழும்போது அவன் கைகளைத் தன் முழங்காலிலும் தொடையிலும் மாற்றி மாற்றி ஊன்றித் தன் உடல் மீதே ஏறுவதுபோல் எழுவதைக் கவனிப்பர். 1879-இல் வில்லியம் கவர்ஸ் விவரித்த அறிகுறி அது. பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுவிடுகிறது. இத்தகைய பிள்ளைகள் தந்தையாவது அரிது என்பதால், ஆண்களிடத்துள்ள பழுதுபட்ட எக்ஸ்கள் அவர்களோடே முடிந்துபோகின்றன. மொத்த எக்ஸ்களில் மூன்றில் ஒன்று ஆண்களிடத்தில் இருப்பதால், தலைமுறைதோறும் மூன்றில் ஒரு பங்கு பழுது அழிகிறது. ஆயினும் நோய் குறையவில்லை என்றால், அதே அளவு பழுது புதிதாகத் தோன்றிக்கொண்டிருக்க வேண்டும். 1935-இல் ஹால்டேன் ஹீமோஃபீலியாவை முன்வைத்துச் செய்த தர்க்கம் இது. அதன்படி, டூஷேன் நோயுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் தாய் கேரியரே அல்லள். பழுது அந்தப் பிள்ளையிலேயே முதன்முதலாகத் தோன்றியது. மற்ற இரு பங்கிலும், தாய் தேர்ந்தெடுத்துத் தந்தது ஏதுமில்லை. அவளுக்குத் தெரியாமலே வந்ததை அவளுக்குத் தெரியாமலே தந்தாள். ‘உன் வீட்டு வழியில் வந்தது’ என்று மருமகளிடம் கூறும் மாமியாரின் எக்ஸ் ஒன்றும், அவர் பேத்திகளிடத்தில் தம் மகன் வழியாக இருந்துகொண்டுதான் இருக்கிறது.

இதுவரை சொன்ன ஒழுங்கைக் குலைக்கும் நோயும் ஒன்று உண்டு. ஃப்ரஜைல் எக்ஸ் எனப்படும் நிலையில், எக்ஸின் கோடிக்கருகே மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். அது 55-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 200-ஐத் தாண்டினால் மரபணு மௌனமாகி, அறிவு வளர்ச்சிக் குறையும் ஆட்டிசம் போன்ற இயல்புகளும் தோன்றும். இடைப்பட்ட எண்ணிக்கை உள்ளவர்கள் பெரும்பாலும் நலமாகவே இருப்பர். ஆனால் தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும்போது அந்தத் தொடர் நீள்கிறது. ஆகவே இங்கே ‘தாத்தா நன்றாகத்தானே இருந்தார்’ என்ற வாதம் செல்லாது. அறுபது வயதில் கைநடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வந்த தாத்தா நரம்பியல் மருத்துவரிடமும், நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோன அவர் மகள் மகப்பேறு மருத்துவரிடமும், பேச்சு வராத பேரன் குழந்தை மருத்துவரிடமும் போகின்றனர். மூன்றும் ஒரே இழையின் கோளாறு என்பது மூவருள் எவருக்கும் தோன்றுவதில்லை. 1991-இலேயே மரபணு கண்டறியப்பட்டு, இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்யக்கூடிய நிலை வந்துவிட்ட பின்னும், வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்கு இப்பரிசோதனை கேட்கப்படாமலே ஆண்டுகள் கழிவது வருந்தத்தக்கது.

மருத்துவம் இன்று வெறுங்கையோடு இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ‘ஃபேக்டர்’ என்று நோயாளிகள் சொல்லும் உறைகாரணி கட்டணமின்றிச் செலுத்தப்படுகிறது; 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபீலியாவையும் தசைச்சிதைவையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. செவிலிமேட்டைத் தொட்டு ஓடும் அதே பாலாற்றின் மேற்கே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் தலைமையில், கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள ஐந்து ஆண்களின் சொந்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, எட்டாம் காரணிக்குரிய நல்ல மரபணுவை அவற்றில் ஏற்றி, மீண்டும் உடலில் செலுத்தினர். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான முடிவுகளின்படி, ஐவரையும் சேர்த்து 81 மாதங்கள் கண்காணித்ததில் இரத்தக்கசிவு நிகழவில்லை. ஐவர் என்பது சிறு எண்ணிக்கை; சிகிச்சைக்கு முன் தரப்படும் கடும் மருந்துகளும் எளியவையல்ல; ஆயினும் இது பெருமைக்குரிய முதல் படி. இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் குடும்பங்கள் ஏமாறும்: திருத்தப்படுவது இரத்தம் உண்டாக்கும் அணுக்களே தவிர விந்தணுக்கள் அல்ல. நோய் நீங்கிய தந்தையின் மகள்கள் முன்போலவே கேரியர்கள்தாம்.

ஆகவே பரிசோதனையின் தேவை சிகிச்சையால் குறைந்துவிடவில்லை. நோயுற்ற பிள்ளையிடத்தில் பழுது எது என்று முதலில் கண்டறிய வேண்டும். கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு, மரபணுவின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிவிட்ட ஒரே வகைப் பழுதுதான் காரணம் என்பதால் தேடல் பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது. அது தெரிந்தபின், அவனுடைய அக்காள் தங்கைக்கும், சித்தி பெரியம்மாவுக்கும், அவர்களுடைய மகள்களுக்கும் ஒரு குழல் இரத்தமே போதும். கேரியர் என்று தெரிந்த பெண் கருவுற்றால், பதினோராம் வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடியின் இழையிலிருந்தோ, பதினைந்து, பதினாறாம் வாரத்தில் பனிக்குட நீரிலிருந்தோ பரிசோதிக்க முடியும். 1994-ஆம் ஆண்டு மகப்பேற்றுக்கு முந்தைய பரிசோதனைச் சட்டம், இத்தகைய சோதனைக்கு உரிய காரணங்களுள் பாலினம் சார்ந்த மரபு நோய்களையும் சேர்த்திருக்கிறது. ஆனால் கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதைத் தடைசெய்கிறது. இச்சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பதிவுபெற்ற மையங்களுக்கே போகத் தயங்கும் குடும்பங்கள், சட்டம் தமக்குத் திறந்து வைத்த கதவைத் தாமே சாத்திக்கொள்கின்றன.

மகளுக்கு இதைச் சொன்னால் திருமணம் தடைப்படும் என்ற அச்சம் உண்மையான அச்சமே. அதைக் கேலி செய்வதற்கில்லை. ஆனால் மறைத்து நடத்திய திருமணத்தில் முதல் பிள்ளையின் முழங்கால் வீங்கும் நாளில் அந்த மகள் தனியே நிற்க நேர்கிறது. தெரிந்து நடந்த திருமணத்தில் பேற்றின்போது ஆயுதப் பிரசவத்தைத் தவிர்க்கவும், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கவும், தசையில் ஊசி போடுவதைத் தள்ளிவைக்கவும் மருத்துவரால் முடிகிறது. எக்ஸ் சார்ந்த நோய் ஒன்று இருப்பதாக ஐயமுள்ள குடும்பத்தார், ஒரு தாளில் மூன்று தலைமுறைகளைத் தாய்வழியில் வரைந்து, சிறுவயதில் இறந்த ஆண்களையும் விட்டுவிடாமல் குறித்து, அத்தாளோடும் நோயுற்ற பிள்ளையோடும், மணமாகாத மகள்களையும் உடன் அழைத்துக்கொண்டு மரபியல் ஆலோசனைக்குச் செல்லுதல் வேண்டும். நோயுற்றவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய மரபணுச் சோதனையை முடித்துவிடுதல் வேண்டும். அவருக்குப் பின் அக்குடும்பத்துப் பெண்களுக்கு உறுதியான விடை தருவது மிகக் கடினம்.